நாற்பத்தொரு விநாடி உளறல்

அறுபத்தெட்டு மணி நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஆரம்பித்து வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு முடிகிற கணக்கு. அதற்குள் சுவாமி ஹூப்லாவை ஒழித்துக்கட்டியாக வேண்டும்.

ஹூப்லா ஒரு பாம்பாட்டி. 1934-ல் அமெரிக்காவில் வரைந்த ஏழு நிமிடக் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் ஒன்றில் இரண்டு நிமிடம் வருகிறவன். கதாநாயகன் டிப்பி என்ற பூனை. அது பறக்கும் கம்பளத்தில் ஏறி இந்தியாவில் வந்து இறங்கும். இறங்கிய இடத்தில் யானை, ஒட்டகம், ஆணிப் படுக்கையில் குறட்டை விடும் சாமியார், குரங்கை வைத்துக் குடை விற்கிறவன் எல்லோரும் ஒரே தெருவில் இருப்பார்கள்.

“இந்தியான்னா மொத்தமே ஒரு தெருதான் போல,” என்றாள் பக்கத்து மேசை நஸ்ரீன். “ஆனா டிராஃபிக் பரவால்லடி.”

தெருக்கோடியில் ஹூப்லா. தாரில் முக்கி எடுத்தது போல் உடம்பு. முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு வாய். பூசணிக்காய் அளவு தலைப்பாகை. மகுடி ஊதுவான், பாம்பு எழுந்து தொப்பியைக் கழற்றி வணக்கம் வைக்கும். நடுநடுவே பூனையைப் பார்த்துக் கடகடவென்று உளறுவான். பூனை பயந்துபோய்க் கம்பளத்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு ஓடும்.

இசக்கியம்மாள் அந்த முகத்தைத் திரையில் பெரிதாக்கினாள். உடனே சிறிதாக்கினாள். ஐந்தாம் வகுப்பில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் தார் டின். ஒழியட்டும் சனியன் என்று நினைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள்.

அவளுக்குப் படத்தின் கோடு, நஸ்ரீனுக்குப் படத்தின் சத்தம். அலுவலகம் பெருங்குடியில் ஆறாவது மாடி. அமெரிக்கக் கம்பெனி ஒன்று தன்னிடமுள்ள பழைய கார்ட்டூன்களை எல்லாம் தூசு தட்டி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி ஆக்கித் தரச் சொல்லியிருந்தது. யாரையும் புண்படுத்துகிற உருவம் எதுவும் மிஞ்சக் கூடாது. நல்ல நோக்கம். இரண்டு வருடத்தில் முந்நூறு படம் முடித்திருந்தார்கள்.

“எல்லாத்துக்கும் ஒரே வாய்டி, கவனிச்சியா?” என்றாள் நஸ்ரீன். “ஆப்பிரிக்கா காட்டுவாசி, தீவுல இருக்கறவன், நம்ம பாம்பாட்டி. ஒரே அச்சு. தலைல என்ன வக்கிறாங்கங்கிறதுதான் மாறுது. எலும்ப வச்சா ஆப்பிரிக்கா, தலைப்பாகை வச்சா இந்தியா.”

“எங்கருந்து புடிச்சாங்க அந்த வாய?”

“நாடகத்துலேர்ந்து. வெள்ளக்காரனுங்க மூஞ்சில கரிய பூசிக்கிட்டு, வாயச் சுத்தி வெள்ளை அடிச்சுக்கிட்டு, கறுப்பு ஜனங்கள நக்கல் பண்ணி ஆடுவாங்களாம். வரையறவன் அதப் பாத்து வரைஞ்சிட்டான். பூனை கையில வெள்ளை கிளவுஸ் மாட்டியிருக்கு பாரு, அதுவும் அங்கேர்ந்துதானாம். எங்கயோ படிச்சேன்.”

உத்தரவுத் தாள் சுருக்கமாக இருந்தது. உருவம்: நீக்கவும், பதிலாகக் கண்ணியமான ஓர் இளவரசன். குரல்: நீக்கவும், பொருளற்ற ஒலி, நாற்பத்தொரு விநாடி. திருத்தம் ஏற்கப்பட்டதும் மூலப் பிரதி அழிக்கப்படும். உலகத்தில் இருப்பதே அந்த ஒரு பிரதிதான்.

திருத்துகிற கருவிக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. அலுவலகத்தில் எல்லோருக்கும் அது இஸ்திரி. முகமோ குரலோ எதைக் கொடுத்தாலும் சுருக்கம் எடுத்து வழவழவென்று திருப்பித் தரும். கார்ட்டூனுக்கு மட்டுமல்ல. அமெரிக்காவோடு கூட்டம் என்றால் இவர்களும் அதற்குள் புகுந்துதான் திரையில் தோன்ற வேண்டும். உள்ளே போவது இசக்கியம்மாள், உடன்குடி. வெளியே வருவது ஜெசி, ஊர் தெரியாத மாநிறம், மூக்கடைப்பில்லாத அமெரிக்க ஆங்கிலம். நஸ்ரீன் நான்சி ஆவாள். இவர்கள் போர்ட்லாண்டில் இருப்பதாக வாடிக்கையாளர் நினைத்துக்கொண்டிருந்தார். கம்பெனி அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

இசக்கிக்கு இதில் மனக்குறை எதுவும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஜெசியை அவளுக்குப் பிடித்திருந்தது. நாலு பேர் இருக்கிற அறையில் எழுந்து பேசச் சொன்னால் இசக்கிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஜெசிக்கு ஒட்டாது. இசக்கி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாலும் ஜெசி புன்னகை செய்துகொண்டிருப்பாள்.

மத்தியானத்துக்குள் இளவரசன் தயாராகிவிட்டான். நஸ்ரீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தாள். ஏழு மாத வயிறு என்பதால் நாற்காலியோடுதான் எங்கும் போவாள்.

“இவன எங்கயோ பாத்திருக்கேன்டி.”

“எங்க?”

“உன் மீட்டிங்ல. ஜெசிக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி இருக்கான்.”

இசக்கி இரண்டு முகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே கன்னம். கேட்காமலே வருகிற அதே புன்னகை. நிறத்தின் எண்ணும் அதே எண்.

“ஒரே பெட்டில தேச்சா ஒரே மாதிரிதானே வரும்,” என்றாள் மெதுவாக.

நஸ்ரீன் தன் இடத்துக்கு உருண்டு போனாள். அழிப்பதற்கு முன்னால் குரல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்க வேண்டும். அதற்காக ஹூப்லாவின் உளறலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். எலி கீச்சிடுவது போல இருந்தது. யெலெயெலெ கொட்டிகார பயயெலெ. யெலெயெலெ கொட்டிகார பயயெலெ.

இசக்கியின் கையிலிருந்த கடலை மிட்டாய் வாய்க்குப் போகாமல் நின்றது.

“திருப்பிப் போடு.”

“ஏன்? தலைவலிக்குது எனக்கு.”

“போடேன். ஸ்பீட கொற.”

“எவ்வளவு?”

“மனுசன் பேசுத அளவுக்கு.”

நஸ்ரீன் குறைத்தாள். கீச்சுக் குரல் இறங்கி இறங்கி, கொஞ்சம் கரகரப்பாக, முப்பது வயது ஆண் ஒருவனின் குரலாக நின்றது.

‘ஏலே, கோட்டிக்காரப் பயலே, எத்தன தடவலே இதையே சொல்லச் சொல்லுவ?’

இசக்கி சிரித்துவிட்டாள். வழக்கமாக வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கிறவள். இன்று கை மறந்துபோயிற்று. மேசைக்கு மேசை தலைகள் நிமிர்ந்தன.

“என்னடி? என்ன சொல்றான்?”

“உனக்குக் கேக்கலயா?”

“யெலெ யெலெங்கிறான்.”

“ஏலே! எங்க ஊர்ல அப்படித்தான கூப்புடுவோம். கோட்டின்னா பைத்தியம். டேய் பைத்தியக்காரப் பயலே, எத்தன தடவ இதையே சொல்லச் சொல்லுவன்னு கேக்கான்.”

“தமிழா இது?”

“பின்ன?”

“பொறந்ததுலேர்ந்து தமிழ் பேசறேன், எனக்கு ஒரு எழுத்து புரியல.”

“ராயப்பேட்டைல இது கெடைக்காது.”

“சரி, மெஷினுக்கு எத்தினி பாஷை தெரியும்! அதுக்குமா புரியல?”

இசக்கி தாளைக் காட்டினாள். “இங்க என்ன எழுதியிருக்கு? பொருளற்ற ஒலி. உளறல்னு ஒருத்தன் சீட்டு ஒட்டிட்டா மெஷின் அதுல பாஷை இருக்கான்னு தேடவே தேடாது. தேடாததால உளறல்னே இருக்கும். அடுத்தவன் பாத்துட்டு, மெஷினே சொல்லிட்டுன்னு விட்டுருவான்.”

இரண்டாவது துண்டையும் போட்டார்கள். ‘வாயில சுருட்ட வச்சிக்கிட்டு நிக்காம் பாரு, மூஞ்சி அவிச்ச பனங்கெழங்கு மாரி. இன்னும் வேகமா, இன்னும் வேகமாங்கான். நான் என்னலே ரயிலா?’

இப்போது நஸ்ரீனும் சேர்ந்து சிரித்தாள். யாரோ ஒருவரை ஒலிவாங்கி முன்னால் நிறுத்தி, வாய்க்கு வந்த வேடிக்கைச் சத்தம் எழுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வாய்க்கு வந்தது இது. சுருட்டுக்காரரும் கேட்டுச் சிரித்திருப்பார். நூற்று ஒன்பது வருடமாக அத்தனை பேரும் ஹூப்லாவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஹூப்லா அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மூன்றாவது துண்டுதான் நீளம். ஆனால் அதன்மேல் பேண்டு வாத்தியம் முழங்கியது. பிரித்தெடுக்க இரண்டு நாளாகும் என்றாள் நஸ்ரீன்.

“இன்னாமா அங்க கும்மாளம்?”

கில்பர்ட் வந்து நின்றார். குழுத் தலைவர், பெரம்பூர்க்காரர். பெயருக்கு இஸ்திரி தேவைப்படாத ஒரே ஆள். கேட்டார். பனங்கிழங்கு வந்த இடத்தில் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் பேச்சு கசப்பாகப் போகிறது என்று அர்த்தம்.

“சரி. இப்ப இன்னா பண்ணணும்ங்கிற?”

“அழிக்கக் கூடாது சார்.”

“அழிக்கத்தான்மா நம்மள வச்சிருக்கான்.”

“முகத்த அழிக்கட்டும் சார். அது யாரோ வரைஞ்சது. குரல் ஒரு ஆளு.”

“ரெண்டும் ஒரே டப்பா. ஒண்ணு போனா ரெண்டும் போவும்.”

“ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாமே சார்?” என்றாள் நஸ்ரீன்.

“ஃபோன வாசல்லயே புடுங்கிக்கிறான். அப்டியே எட்த்தாலும் யார் நம்புவா? இஸ்திரி கையில இருந்தா எவன் வேணா எந்தக் குரல வேணா தயார் பண்ணலாம். ஒரிஜினல் இல்லேன்னா இது நாம தமாசுக்குப் பண்ணதும்பான்.”

“அவங்களுக்கு எழுதிப் பாக்கேன் சார்,” என்றாள் இசக்கி.

“எழுது. ஜெசியா எழுது.”

எழுதினாள். அந்தப் பக்கம் திருத்தக் குழுவின் தலைவி கிளேர் விட்மோர் என்ற அம்மாள். புதன்கிழமை காலை பதில் வந்திருந்தது. அன்புள்ள ஜெசி, உங்கள் அக்கறைக்கு நன்றி. எங்கள் கருவி இதில் எந்த மொழியும் இல்லை என்கிறது. போர்ட்லாண்டில் உங்களில் யாருக்கு அந்த மொழி தெரியும் என்று அறிய ஆவல். எப்படியானாலும், ஒரு திருத்தத்தை நிறுத்த எங்கள் விதியில் ஒரே வழிதான் உண்டு. குழு உறுப்பினர் ஒருவர் எழுந்து, ‘இந்தப் படம் என்னைக் கேலி செய்கிறது, ஆனாலும் இது இருக்கட்டும்’ என்று சொல்ல வேண்டும். கேலிக்கு ஆளானவர் தவிர வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை. அது சரிதான் என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். எங்கள் குழுவில் அப்படி யாரும் இல்லை. வியாழக்கிழமை மாலை, அழிப்பதற்கு முன், நீங்கள் பேச இரண்டு நிமிடம் ஒதுக்குகிறேன். அவர்களுடைய வியாழன் மாலை இங்கே வெள்ளிக்கிழமை காலை.

“பாத்தியா, நெஜமாவே நல்ல பொம்பள,” என்றார் கில்பர்ட். “விதியும் தப்பு சொல்ல முடியாது. ஆனா அந்தக் கமிட்டில எவன் எழுந்திருப்பான்? அஞ்சு பேரும் சோப்பு விளம்பரத்துல வர்ற குடும்பம் மாதிரி கீறாங்க.”

“யாருக்கு மொழி தெரியும்னு கேக்காங்களே சார். எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா?”

“ஜெசிக்கு எப்டிம்மா தெரியும்?”

இசக்கி நகத்தைக் கடித்தாள்.

“இஸ்திரியக் கழட்டணும். கழட்டினா நீ யாருன்னு தெரியும், எங்க கீறோம்னு தெரியும். ஒப்பந்தத்துல எட்டாவது பக்கம் அதுக்குன்னே எழுதியிருக்கான். அன்னிக்கே கடய மூடிடுவான். பதினோரு பேரு. இதோ நஸ்ரீன் இந்த நெலமைல எங்க போய் வேல தேடும்?”

“என் வயித்த இதுல இழுக்காதீங்க சார்,” என்றாள் நஸ்ரீன். ஆனால் சிரிக்கவில்லை.

கழற்றக் கூடாது என்று அவர் சொன்னதும் இசக்கிக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, செய்ய வேண்டியதில்லை. அடுத்ததாகத்தான் அந்த நிம்மதியைக் குறித்து வெட்கம் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு இளவரசனின் காதுக் கடுக்கனைச் சரிசெய்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நஸ்ரீன் கூப்பிட்டாள். பேண்டு வாத்தியத்தை நூல் நூலாகப் பிரித்து ஒதுக்கியிருந்தாள். எக்காளம் ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். நடுவில் அந்தக் குரல், ஈரத் துணியை விலக்கினது போல் தெளிவாக.

‘எல, கேக்கியா? மூணு நாளா இங்க நிக்கேன், ஒருத்தனும் எம்பேரு என்னன்னு கேக்கல. நானே சொல்லிக்கிடுதேன். எம்பேரு தொம்மை. மணப்பாட்டுத் தொம்மை. கப்பல்ல அடுப்படி வேல. இவனுவ என்னயப் பாம்பாட்டிங்கானுவ. எனக்குப் பாம்புன்னாலே பயம்லே! நம்ம ஊர்க்காரன் எவனாவது இதக் கேட்டா, தொம்மை இங்கதான் கெடக்கான், நல்லாத்தான் இருக்கான்னு வீட்ல சொல்லிரு. வேகமாப் பேசுங்கான், வாரேன்.’

இந்த முறை நஸ்ரீனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“பாம்புன்னா பயமாம்டி,” என்றாள்.

“ம்.”

“மணப்பாடு எங்க இருக்கு?”

“எங்க ஊர்லேந்து பஸ்ல இருவது நிமிசம். கடக்கரை. பெரிய கோயில் இருக்கு, குன்று மேல.”

“அப்ப ஊர்க்காரி ஒருத்தி கேட்டுட்டா.” நஸ்ரீன் காதிலிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்தாள். “இத்தன வருஷத்துல மொத ஆள் நீதான்.”

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இசக்கி, சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி எழுதி அடித்தாள். இஸ்திரியைக் கழற்றாமலே சமாளிக்க ஒரு வழி இருந்தது. ஜெசியாகவே இருந்து துண்டை ஓடவிடுவது. கேட்டால் அவர்களுக்கே தெரியாதா, இது ஒரு மனிதன் மனிதனிடம் பேசுவது என்று? மொழி தெரியாவிட்டால் என்ன?

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே கில்பர்ட் அலுவலகத்துக்கு இட்லி வாங்கி வந்துவிட்டார். யாரும் தொடவில்லை. ஆறரைக்குத் திரையில் ஐந்து முகங்கள் வந்தன. நடுவில் கிளேர் விட்மோர், ஐம்பது வயது மதிக்கலாம், மஞ்சள் முடி. அவருக்கு இடது பக்கம் ஹார்லன் என்பவர். விதிப் புத்தகம் அவர் பொறுப்பு. கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரத்தில் ஜெசி, முடி ஒன்று கலையாமல்.

“ஜெசி, இரண்டு நிமிடம்,” என்றார் கிளேர்.

“நன்றி. நீங்கள் உளறல் என்று குறித்திருப்பது ஒரு மொழி. கேளுங்கள்,” என்று ஜெசி சொன்னாள். இசக்கி துண்டை ஓடவிட்டாள்.

ஐந்து முகங்களும் காத்திருந்தன. துண்டு முடிந்தது. இன்னும் காத்திருந்தன.

“ஜெசி, எதுவும் வரவில்லையே,” என்றார் கிளேர். “காற்று வீசுவது போல மட்டும் ஒரு சத்தம்.”

இசக்கிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த இடத்திலிருந்து போகிற எல்லாமே இஸ்திரி வழியாகத்தானே போகிறது. ஆங்கிலமல்லாதது அதற்குச் சுருக்கம். தொம்மையை அது நீவி எடுத்துவிட்டது.

“நானே சொல்கிறேன்,” என்று ஆரம்பித்து, தமிழில் சொன்னாள். “எம்பேரு தொம்மை. மணப்பாட்டுத் தொம்மை.”

சின்னச் சதுரத்தில் ஜெசி உதட்டை அசைக்காமல் புன்னகை செய்தாள்.

“உங்கள் இணைப்பு விட்டு விட்டு வருகிறது,” என்றார் ஹார்லன். “மீதம் ஐம்பது விநாடி.”

மேசைக்கு அந்தப் பக்கம், படம் பிடிக்கிற கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கில்பர்ட் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். நஸ்ரீன் ஆட்டவில்லை. வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு இசக்கியையே பார்த்தாள். பிறகு, போ என்பது போல் முகவாயைத் தூக்கினாள்.

இஸ்திரியை நிறுத்துகிற பொத்தான் திரையின் மேல் வலது மூலையில் இருந்தது. இசக்கி அதை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. அழுத்தினாள். உங்கள் முகம் உள்ளபடி தெரியும், நிச்சயமாகவா என்றது. அழுத்தினாள். கடைசியாகக் கேட்கிறேன் என்றது.

“போச்சு,” என்றார் கில்பர்ட்.

சதுரத்தில் ஜெசி போய்விட்டாள். ஐந்து மணிக்கு எழுந்து தலையைச் சரியாக வாராமல் ஓடி வந்த ஒரு முகம் இருந்தது. இசக்கி அதைப் பார்க்காமல் நேரே பார்த்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை இழுத்துப் பேச வைத்தாள். வந்தது உடன்குடி ஆங்கிலம்.

“அது உளறல் இல்லை. அது தமிழ். எனக்குத் தெரியும், அது என் மொழி. நான் ஜெசி இல்லை. என் பெயர் இசக்கியம்மாள். நாங்கள் போர்ட்லாண்டில் இல்லை, சென்னையில் இருக்கிறோம். இவரும் எங்கள் பக்கத்துக்காரர். இவர் ஊருக்கு என் ஊரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம்.”

யாரும் பேசுவதற்குள் மூன்று துண்டையும் முதலிலிருந்து ஓடவிட்டாள். இப்போது தொம்மை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். ஒவ்வொரு வரியாக நிறுத்தி, மொழிபெயர்த்தாள். அவித்த பனங்கிழங்கு எப்படி இருக்கும் என்றும் விளக்க வேண்டியிருந்தது. கிளேர் மட்டும் சத்தமாகச் சிரித்தார். பெயரை யாரும் கேட்கவில்லை என்ற வரி வந்ததும் சிரிப்பு நின்றது.

“இவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை,” என்றாள் இசக்கி. “நீங்கள் அழிக்கிற அந்த முகம் இவருடையது இல்லை. அதை நானும் வெறுக்கிறேன். ஆனால் இவருடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த நாற்பத்தொரு விநாடி.”

நேரம் முடிந்ததற்கான மணி நடுவிலேயே அடித்து ஓய்ந்திருந்தது, யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.

ஹார்லன் தொண்டையைச் செருமினார். அவர் கெட்டவரல்லர், வேலை அது. “மனதைத் தொடுகிறது. உண்மையாகவே. உங்கள் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதை நாம் தனியாகப் பேச வேண்டியிருக்கும். இப்போதைக்கு விதி ஒன்றுதான். இவர் குழு உறுப்பினர் இல்லை. இந்தப் படம் கேலி செய்கிறவர்களில் ஒருவர் இந்தக் குழுவில் இருந்து எழுந்து சொன்னால்தான் நிறுத்த முடியும். அப்படி யாரும் இல்லை. கிளேர், அழிக்க அனுமதி தர வேண்டும்.”

கிளேர் அனுமதி தரவில்லை.

“அவர் பெயரை மறுபடி சொல்லுங்கள்,” என்றார் இசக்கியிடம்.

“தொம்மை.”

“தோமை.”

“தொம்மை. ‘ம்’ கொஞ்சம் அழுத்த வேண்டும்.”

“தொம்மை,” என்றார் கிளேர். இரண்டாவது தடவை சரியாக வந்தது. “ஹார்லன், அந்த வாயை மறுபடி பாருங்கள். அந்த வாயை அவர்கள் இந்தியாவிலிருந்து எடுக்கவில்லை. இந்த நாட்டு மேடையிலிருந்து எடுத்தார்கள். யாரை நினைத்து வரைந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் தலையில் ஒரு தலைப்பாகையை வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.”

“ஆமாம், அதனால்தானே அழிக்கிறோம்.”

“ஒன்பது வருடமாக அழிக்கிறேன். இந்த வேலைக்கு வந்த முதல் நாள், குழுவினர் எல்லோரும் நடுநிலையாகத் தெரிய வேண்டும் என்று சொன்னார்கள். சரி என்றேன்.” அவர் நாற்காலியை நிமிர்த்திக்கொண்டார். “இந்தப் படம் என்னைக் கேலி செய்கிறது. ஆனாலும் இது இருக்கட்டும்.”

ஹார்லன் திகைத்தார். விதிப் புத்தகத்தில் ஏதோ பக்கத்தைப் புரட்டினார். “மன்னிக்க வேண்டும், பதிவுக்காகக் கேட்கிறேன். உங்களை எப்படி, கிளேர்?”

கிளேரின் கண்கள் ஒரு கணம் திரையின் மேல் வலது மூலைக்குப் போயின. அந்தப் பார்வை இசக்கிக்குத் தெரியும். அங்கே என்ன இருக்கிறது என்றும், அது எத்தனை முறை நிச்சயமாகவா என்று கேட்கும் என்றும் தெரியும். கிளேர் அதற்குக் காத்திருக்கவில்லை. மஞ்சள் முடியும் வழவழப்பான கன்னமும் அப்படியே இருக்க, வாயைத் திறந்து சொன்னார்:

“நான் கறுப்பினப் பெண், ஹார்லன்.”